சிப்பிக் கொட்டகையில் உன் குரல்

செல்ல மகளுக்கு அம்மா எழுதுறது. இங்கே எல்லாரும் சுகம், அப்பாவோட முழங்காலைத் தவிர, அது மட்டும் யார் பேச்சையும் கேக்காம தனிக்குடித்தனம் நடத்துது. நீ எப்படி இருக்கே, வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? வீடியோவில உன் கன்னமெல்லாம் ஒட்டிப்போய்த் தெரிஞ்சுது, வெளிச்சம் சரியில்லன்னு சமாளிச்சே, பெத்தவகிட்டயே கதை விடாதே. உன் அண்ணன் வீடு மாறிட்டான், சாமானெல்லாம் கொண்டுபோய் இறக்கின பிறகுதான் புது வீட்டு வாசல்ல கட்டில் நுழையாதுன்னு தெரிஞ்சிருக்கு, இப்போ புருஷனும் பொண்டாட்டியும் தரையில படுக்குறாங்க, கட்டில் நம்ம ஹால்ல சொகுசாப் படுத்திருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வர்ற வெள்ளிக்கிழமை கருத்தரங்கில உனக்குப் பதிலா கூடப் படிக்கிற பையனே பேசட்டும்னு விட்டுட்டதா நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறல. வருஷக்கணக்கா தண்ணித் தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்து ஆராய்ச்சி பண்ணினது நீ, மேடை ஏறுறது அவனா? திக்குமே, சிரிப்பாங்களேன்னு பயப்படுறே. போன்ல சொன்னா பாதியிலேயே வச்சிடுவே, அதான் எழுதுறேன். கோபப்படாம முழுசாப் படி. போன வாரம் கொட்டகையில சிப்பி கழுவிட்டு இருக்கிறப்போ மேஸ்திரி அக்கா, உன் பொண்ணு அப்படி என்னதான்டி இந்தச் சிப்பியில படிக்கிறான்னு கேட்டா. சிப்பி உடம்புல ஒரு வாயு உண்டாகுது, அது கிருமியைக் கொல்லும்னேன். அப்போ நாம கழுவுறது கேஸ் சிலிண்டரான்னு கேட்டுட்டா பக்கத்தில கழுவிட்டிருந்த நம்ம சரவெடி, அவளைத்தான் உனக்குத் தெரியுமே, இழவு வீட்டிலயும் சிரிக்கிறவ. எனக்கு மானமே போச்சு. அப்பாவுக்குப் புரியணும்னு நீ அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜை அப்படியே சத்தமாப் போட்டுட்டேன். ஆமா, உன்னைக் கேக்காமத்தான்.

அந்த வாயுவோட பேரை, நைட்ரிக் ஆக்சைடுன்னு, சொல்ல வந்த இடத்தில நீ மாட்டிக்கிட்டே. எப்படியோ சொல்லிட்டே. மறுபடி அதே வார்த்தையில நின்னப்போ சிப்பி ஏத்த வந்திருந்த லாரி டிரைவர் அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்கப் போனார், சரவெடிதான் அதட்டினா, அவ வார்த்தையை அவளே சொல்லட்டும், உங்களுக்கென்ன அவசரம்னு. அவதான்டி, நம்பு! சிப்பிக்கு நம்மளை மாதிரி தடுப்பூசி போட்டு நோயை அடையாளம் காட்டி வைக்க முடியாது, அதோட ரத்த அணுக்கள்தான் ஓடிப்போய்க் கிருமியை விழுங்கும், அந்த வாயுவையும் அப்பப்போ புதுசா உண்டாக்கிக்கும்னு நீ சொன்னதை எல்லாரும் கையில சிப்பியோட நின்னு கேட்டாங்க. மேஸ்திரி அக்கா இன்னொரு தடவை போடச் சொன்னா. நீ திக்கினதுக்காக இல்ல, அந்த வாயு அளவு மீறினா சிப்பியோட சொந்த உடம்பையே கெடுக்கும்னியே, அது எப்படின்னு அவளுக்குப் பிடிபடல. அப்புறம் கேள்வி மேல கேள்வி, தண்ணி சூடானா அந்த வாயு உண்டாகுறது குறையுமா, வெயில் காலத்தில கூடை கூடையாச் செத்து வருதே அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு. எனக்கு என்னடி தெரியும்? கருத்தரங்கை நேரலையில காட்டுவாங்களாம், வெள்ளிக்கிழமை அவளே சொல்லுவான்னு வாய்விட்டுட்டேன். நீ பின்வாங்கினது அப்போ எனக்குத் தெரியாது, தெரிஞ்சபிறகும் அவங்ககிட்ட மாத்திச் சொல்ல எனக்கு வாய் வரல.

அந்தப் பையன்கிட்ட நல்லவிதமாச் சொல்லிடு, பாவம், அவன் உதவத்தானே வந்தான். உங்க சார்கிட்ட பேச பத்து நிமிஷம் கூடுதலாக் கேளு, கேக்கிறதில தப்பே இல்ல. வெறும் வயித்தோட மேடை ஏறாதே. எந்தக் குறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும் கண்ணு, அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். சிப்பி கழுவுற மெஷின் ஓடினா ஒண்ணும் காதில விழாதுன்னு மேஸ்திரி அக்கா மேனேஜர்கிட்ட போய் வெள்ளிக்கிழமை நீ பேசுற நேரத்துக்கு அதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கா. எவ்வளவு நேரத்துக்குன்னு அவர் கேட்டாராம். எங்க பொண்ணு பேசி முடிக்கிற வரைக்கும்னு சொல்லிட்டு வந்துட்டா.

இப்படிக்கு,
உன் அம்மா