ஓசி லட்டு

ராயபுரம்,
4-2-2026

தம்பி அலெக்ஸாண்டருக்கு,

அக்கா ரெஜினா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று முதல் வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். உன் வீட்டில் நலமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஆவல் என்று எழுதக் கை வரவில்லை.

வீட்டு நிலைமையை விசாரித்தேன் என்று வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். ஃபோன் போட்டால் ரிங் போகாமலே கட்டாகிறது. காகிதத்தை பிளாக் செய்ய இன்னும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை என்பதால் கடிதம் எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டை கூரியர்காரர் ஏழு நாளில் ஹூஸ்டன் போய்ச் சேர்ந்துவிடும் என்று சத்தியம் செய்கிறார். கிழித்துப் போடுவதானாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி. உள்ளே இரண்டு அட்டைகள் வைத்திருக்கிறேன், அவற்றை மட்டும் கிழிக்காதே.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் மாமாவுக்கு ரயில்வேயில் இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ். முட்டி வலி என்று புலம்பிக்கொண்டே போய் வருகிறார். எனக்கு அங்கன்வாடி அதே முகத்துவாரக்குப்பத்தில்தான். தினமும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பஸ், அதாவது உன் வார்த்தையில் ஓசி பஸ். அதற்கு அப்புறம் வருகிறேன்.

சாராதான் எல்லாவற்றையும் சொன்னாள். அவளைத் திட்டாதே. உன் பெண்டாட்டி கோள் சொல்கிற ரகம் இல்லை, அது உனக்கே தெரியும். செப்டம்பரில் வெல்டிங் வேலையிலிருந்து உன்னை நிறுத்தினார்கள். அவள் வேலை பார்க்கிற கடையில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. வீட்டு வாடகை போனால் மிச்சம் சாப்பாட்டுக்குப் போதவில்லை. டிசம்பரில் அவள் அரசாங்க உணவு கார்டுக்கு விண்ணப்பம் போட்டாள். விசாரிக்க ஆபீசிலிருந்து ஃபோன் வரும், புருஷனே தன் வேலை, சம்பள விவரம் சொல்ல வேண்டும் என்றார்களாம். ஜனவரி எட்டாம் தேதி ஃபோன் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாளாம். நீ எடுத்து, எங்களுக்கு எதுவும் வேண்டாம், இனி கூப்பிடாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டாயாம். அவர்களும் நல்லதாகப் போயிற்று என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் முப்பத்தெட்டு வயசு என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன். நீ யாருடா வேண்டாம் என்று சொல்ல? உனக்கா பசிக்கிறது? உனக்கு ரோஷத்திலேயே வயிறு நிறைந்துவிடும். பிள்ளைகளுக்கு?

வெரோனிகா பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற ஆப்பிளைத் தின்னாமல் தம்பி சைமனுக்குப் பையில் போட்டு எடுத்து வருகிறாள். நீ அதை ஃபோட்டோ எடுத்து, என் மகளுக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று குடும்பக் குழுவில் போட்டாய். நாங்களும் ஆளுக்கொரு இதயம் போட்டோம். எட்டு வயசுப் பிள்ளை தன் ஆப்பிளை ஏன் தின்னவில்லை என்று உனக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

போன மே மாதம் நீ வந்திருந்தபோது பஸ் ஸ்டாப்பில் என் ஹெல்பர் மலரை வைத்துக்கொண்டு சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "இன்னாக்கா நீ, ஓசி பஸ்ஸுல போய்கினு கீற? அதான் மெட்ரோ கீதே, நான் கார்டு வாங்கித் தரேன். நம்ம அப்பா ஹார்பர்ல வேல இல்லாதப்ப கூட எவன்கிட்டயும் ஓசியா கை நீட்டல. அந்தக் கஷ்டத்துலயும் எனக்கு டெய்லி லட்டு வாங்கியாந்து குடுத்தாரு." மலர் பாவம், டிக்கெட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்புறம் அமெரிக்கா போய் அதையே வாய்ஸ் மெசேஜாகவும் போட்டாய். அங்கேயும் சோம்பேறிகள் கார்டைத் தேய்த்துச் சாப்பிடுகிறார்களாம், உன் வரியில் வாழ்கிறார்களாம். அந்த லட்டுக் கதை அதிலும் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஏன் மூடிக்கொண்டு இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சைமன் விஷயம். போன வாரம் தடுப்பூசிக்குப் போன இடத்தில் எடை பார்த்தார்கள் என்று சாரா ஒரு வரி அனுப்பினாள்: சைமன் 25. நான் மையத்தில் இருந்தேன். மூன்றேகால் வயசுப் பிள்ளைக்கு இருபத்தைந்து கிலோவா என்று வாயைப் பிளந்துவிட்டேன். அமெரிக்கப் பிள்ளை இல்லையா, பாலும் வெண்ணெயுமாகத் தின்று கொழுத்திருக்கிறான் என்று மலரிடம் பெருமை அடித்தேன். அவளும், "எங்க புள்ளைங்க ரெண்டு பேர சேத்து நிக்கவெச்சாதான் டீச்சர் அந்த வெயிட்டு வரும்" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர்தான், அங்கே கிலோ கிடையாதே, பவுண்டுதானே என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு கிலோ முந்நூற்று நாற்பது. ஆகஸ்டில் எவ்வளவு என்று சாராவைக் கேட்டேன். பன்னிரண்டு இருந்திருக்கிறான். ஆறு மாதத்தில் பிள்ளை ஏற வேண்டும், இவன் இறங்கியிருக்கிறான். என் மையத்தில் ஆண் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற நீல அட்டையில் அவன் பெயரை எழுதிப் புள்ளி வைத்தேன். ஆகஸ்டுப் புள்ளி பச்சையில் விழுந்தது. இப்போதைய புள்ளி மஞ்சளில் விழுந்தது. இருபத்தாறு வருஷமாக மீன்காரர்கள் பிள்ளைகளுக்கும் கூலிக்காரர்கள் பிள்ளைகளுக்கும் புள்ளி வைத்திருக்கிறேன். என் சொந்தத் தம்பி பிள்ளைக்கு, அதுவும் அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைக்கு, மஞ்சளில் புள்ளி வைப்பேன் என்று நினைக்கவில்லை.

மஞ்சள் என்றால் என்ன என்று உனக்குச் சொல்கிறேன். பிள்ளை ஓடும், சிரிக்கும், உன் மேல் ஏறி விளையாடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு காய்ச்சல் வந்தால்தான் தெரியும்.

அரசாங்கம் கொடுப்பதெல்லாம் அமிர்தம் என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை. இங்கேயும் லட்சணம் அதுதான். இப்போது தாய்மார்களுக்கு மாவு கொடுக்க வேண்டுமென்றால் ஃபோனில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். போன வாரம் குப்பம்மா என்கிற பெண், கைப்பிள்ளையோடு மூன்று நாள் வந்து சிமிட்டினாள். ஃபோன் அவளை அவள் இல்லை என்றே சொன்னது. வெயிலில் கருவாடு காயப்போடுகிறவளின் முகம், படம் எடுத்த இந்த இரண்டு வருஷத்தில் மாறாதா? "ஏன் டீச்சர், என்னைய எனக்கே சாட்சி சொல்ல சொல்லுதா அது" என்று கேட்டாள். நான் மேலிடத்தில் சண்டை போட்டு நாலாம் நாள் வாங்கிக் கொடுத்தேன். அங்கே உன் ஊரிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏழை என்று நிரூபிக்க வேண்டுமாம். நவம்பரில் அரசாங்கத்துக்குள்ளேயே சண்டை வந்து, கார்டு வைத்திருந்தவர்களுக்கே பணம் ஏறாமல் நின்றதாம். எந்த ஊர் அரசாங்கமும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுக்கும். அதற்காக அதனோடு சண்டை போடு, வேண்டிய மட்டும் திட்டு. பிள்ளை வாய்க்குப் போக வேண்டியதைத் தட்டிவிடாதே. பன்னிரண்டு வருஷம் அந்த ஊரில் வரி கட்டியவன் நீ.

5-2-2026

நேற்று இத்தோடு நிறுத்திவிட்டேன். இன்று காலை கல்லறைக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா என் தலையில் கை வைத்து வாங்கிய சத்தியத்தை இன்று உடைக்கப்போகிறேன். தான் பெற்ற மகளே சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்று மேலே போனதும் என்னை விசாரிக்கட்டும்.

உனக்கு மூன்று வயசு, எனக்குப் பதினொன்று. ஹார்பரில் அப்பாவுக்கு ஐந்து மாதமாக வேலை இல்லை. தினமும் கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். பால்வாடி டீச்சர் வீடு வீடாக வந்து பிள்ளைகளை எடை பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைத் துணித் தூளியில் போட்டுத் தராசில் தூக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளை ரொம்ப மோசமாக இருக்கிறான், வாரா வாரம் வந்து சத்துமாவு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் போம்மா. சிலுவைமுத்து புள்ள ஓசில வளராது." சொல்லிக் கதவைச் சாத்தினார். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். சாரா உன் ஃபோன் கதையைச் சொன்னபோது எனக்கு அந்தக் கதவுச் சத்தம் கேட்டது.

பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் அப்பா வாசலில் வந்து நின்று உன்னைக் கூப்பிட்டார். நீ எப்போதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாய். அன்றைக்கு எழுந்தாய், கால் மடங்கி உட்கார்ந்தாய். மறுபடியும் எழுந்தாய், மறுபடியும் உட்கார்ந்தாய். பிறகு உட்கார்ந்தபடியே அவரிடம் நகர்ந்து வந்தாய். அப்பா உன்னைத் தூக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் அவரே பால்வாடிக்குப் போனார். அம்மா போகிறேன் என்றதற்கு, நான்தானே வேண்டாம் என்றேன், நான்தான் போக வேண்டும் என்றார். வரிசை முழுக்கப் பெண்கள், நடுவில் இவர் ஒருத்தர்தான் ஆம்பளை. மாவைச் சட்டைக்குள் வைத்துப் பித்தான் போட்டு எடுத்து வந்தார். அம்மா வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்தாள். நீ இன்னாம்மா இது என்று கேட்டாய். "லட்டுடா, அப்பா வாங்கியாந்தது" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கடையில் வாங்கியது என்று நீயாக நினைத்துக்கொண்டாய். அப்பா என்னைக் கூப்பிட்டு, "அவனுக்கு இது தெரிய வேணாம் ரெஜினா. பெரியவனானா தல குனிஞ்சி நிப்பான்" என்றார். அம்மா என் தலையில் கை வைத்தாள். அவர் போய்ச் சேர்ந்தபிறகும், அம்மாவே போய்ச் சேர்ந்தபிறகும், நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆமாண்டா அலெக்ஸ். நீ ஊரெல்லாம் பெருமை அடிக்கிறாயே அந்த லட்டு, அது ஓசி. உன் எலும்பில் இருப்பது அதுதான். வெல்டிங் பிடித்த கையில் இருப்பதும் அதுதான்.

நம்பமாட்டாய் என்றுதான் இரண்டாவது அட்டையை வைத்திருக்கிறேன். அம்மாவின் பைபிளுக்குள் இருந்தது. மேலே உன் பெயர். திருப்பிப் பார், மாவு வாங்கியதற்கு வாரா வாரம் கையெழுத்து. அப்பாவுக்கு எழுதத் தெரிந்தது அவர் பெயர் மட்டும்தான். முதல் இரண்டு கையெழுத்தைப் பார், பேனா எப்படி நடுங்கியிருக்கிறது என்று. போகப் போகத் திருத்தமாக இருக்கிறது. முன்பக்கம் உன் புள்ளிகள் எப்படி ஏறுகின்றன என்றும் பார்த்துக்கொள். பிறகு சைமனின் நீல அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்.

சாரா மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி, சாம்பல் புதனுக்கு மறுநாள் வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குமேல் ஃபோன் வரும். இதையும் மூடிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவரைக்கும் சைமனின் புள்ளி எங்கே போகும் என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. தவக்காலத்துக்கு நீ உபவாசம் இரு, நானும் இருக்கிறேன். மூன்று வயசுப் பிள்ளைக்குத் திருச்சபையே உபவாசம் வைக்கவில்லை, நீ வைக்காதே.

நான் எழுதியதில் உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னை இன்னும் பத்து வருஷம் பிளாக் செய்து வை, தாங்கிக்கொள்வேன். அந்த ஃபோனை எடு ராஜா. கேட்கிற விவரத்தைக் கொடு, ஆமாம், வேண்டும் என்று சொல். கார்டு வந்ததும் முதல் நாள் கடைக்குச் சாராவை அனுப்பாதே, நீயே போ. பாலும் முட்டையும் நீயே தூக்கி வா. சைமன் என்னவென்று கேட்டால் தயங்காதே. அப்பா வாங்கி வந்தேன் என்று சொல். அது பொய்யில்லை. நம் வீட்டிலும் யாரும் பொய் சொல்லவில்லை.

மாதா உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்னைத் திட்டுவதற்கென்று மிச்சமிருக்கிற ஒரே ஆள்,
அக்கா ரெஜினா