தாகம் என்று பெயர் வைத்த படம்

கடம்பூர்
ஆவணி 9

அன்பு மகள் வள்ளிமயிலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி எப்போதும் எழுதும் வரி இந்த முறை கையில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, என் முட்டி வலி பழையபடிதான். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அதனால் நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம் என்றே ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த உறைக்குள் இருக்கும் பத்திரத் தாள்களை அனுப்பச் சொன்னது அப்பாதான். வெறும் தாளைப் பாத்தா பிள்ளை பயந்துரும், கூட நாலு வரி எழுதி வையி என்றார். நாலு வரியில் அடங்கவில்லை.

நேராகச் சொல்கிறேன். நம் தெற்குக் காட்டை விற்கப் போகிறோம். ஏழு ஏக்கர் கரிசல் நிலத்தையும். வெயிலில் மின்சாரம் எடுக்கும் கம்பெனி வாங்குகிறது. கோயம்புத்தூர்ப் பெரியப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பாவும் அவரும் பிரிக்காமல் வைத்திருக்கும் கூட்டுப் பட்டா என்பதால் அப்பாவும் போட்டுவிட்டார். பூர்வீகச் சொத்து, மகளும் போட வேண்டுமாம். வாங்க வந்தவர்களைப் பதினோரு வருடமாகப் பெரியப்பாதான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எந்தம்பி உழுகிற மட்டும் விக்க மாட்டேன் என்பார். இப்போது அவரே முதலில் போட்டார். காரணம் நான் எடுத்த ஒரு படம். நீ விட்டுப்போன காமிராவில் எடுத்தது. உன் மேல் பழி போடவில்லை, எதில் எடுத்தேன் என்று சொல்ல வந்தேன்.

பொழுது போகும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாய். போயிற்று. குழாயடியில் தலையைச் சாய்த்துத் தண்ணீர் குடிக்கும் காகம். கொடியில் காயும் அப்பாவின் துண்டு, அதற்குள் காற்று. மின்கம்பியில் பனங்காடை, பறக்கும்போது மட்டும் தெரிகிற அந்த நீலம், முப்பது தடவை தப்பி ஒரு தடவை கிடைத்தது. பக்கத்துக் காட்டு வேலுத்தாய் களை வெட்டும் கை. ஐம்பத்து மூன்று வயதில் தரையில் குப்புறப் படுத்து வெட்டுக்கிளியை எடுத்தேன். ஊரில் சிரித்தார்கள். சந்தோஷமாக இருந்தேன் மயிலு. அதையும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தச் சந்தோஷத்திலும் பங்கு உண்டு.

சித்திரையில் நம் காடு எப்படிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். பாளம் பாளமாக வெடிப்பு. நான் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவரின் மகள், கல்யாணத்துக்கு முன் அதைப் பார்த்ததில்லை. முதல் சித்திரையில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் மெட்டி ஒன்று கழன்று வெடிப்புக்குள் விழுந்தது. நான் அழப் பார்த்தேன், அவர் சிரித்தார். அழாதட்டி, மேமண்ணு உள்ள விழும், உள்மண்ணு மேல வரும், இந்த நெலம் தானே உழுதுக்கிடும், ஒம்மெட்டியும் ஒருநா மேல வந்துரும் என்றார். கையில் இருந்த, மாடு ஓட்டும் தார்க்கம்பை வெடிப்புக்குள் விட்டுக் காட்டினார், முழுக் கம்பும் போயிற்று. இவ்வளவு ஆழத்துக்கு முதல் மழை இறங்கினால்தான் உளுந்துக்கு மார்கழி வரை ஈரம் நிற்கும் என்றார். வெடிக்காத கரிசலை அவர் நம்பமாட்டார். இதெல்லாம் தெரிந்தவள்தான் நான்.

தெரிந்தும் அந்தப் படத்தை எடுத்தேன். காமிராவைத் தரையோடு வைத்தால் கையளவு வெடிப்பு பள்ளத்தாக்கு மாதிரித் தெரியும். சாயங்கால வெளிச்சம். இடது ஓரத்தில் ஒரு கொழிஞ்சிச் செடி நின்றது, அந்த வெயிலிலும் பச்சையாக. அது படத்தைக் கெடுப்பதாகத் தோன்றியது. வெட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் கடையில் பெரிதாக்கிப் பார்த்தபோது யாரும் இல்லாத, எதுவும் முளைக்காத ஒரு உலகம். கோவில்பட்டியில் ஒரு புகைப்பட மன்றம் நடத்திய போட்டிக்கு அனுப்பினேன். தலைப்பு கேட்டார்கள். தாகம் என்று எழுதினேன். கல்லூரியில் கவிதை எழுதிய கை, அதற்கு அந்தச் சொல் சட்டென்று வந்தது. பொய் என்று அப்போதே தெரியும். அழகாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இரண்டாம் பரிசு. வேலுத்தாய்தான் முதலில் வந்து, ஏ மதினி, நான் குனிஞ்சு களை வெட்டும்போதுல்லாம் எடுத்தீய, என் மொகரைக்கு ஒண்ணும் கெடைக்கலை, வெடிச்ச தரைக்கா பிரைசு குடுக்கானுவ என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். மறுவாரம் ஒரு பேப்பரில் என் பெயரோடு அந்தப் படம் வந்தது. கீழே, மழை பொய்த்ததால் தாகத்தில் செத்துக் கிடக்கும் கோவில்பட்டிக் கரிசல் என்று அவர்களாக எழுதியிருந்தார்கள். அவர்களாக என்று எப்படிச் சொல்வது. பாதிச் சொல் என்னுடையது.

பெரியப்பா அதைப் பார்த்திருக்கிறார். பத்து வயதில் படிக்கப் போனவர், ஊருக்கு வந்ததெல்லாம் பொங்கலுக்கு. தையில் காடு முழங்காலளவு பச்சையாக நிற்கும். பிறகு சித்திரையில் அவர் பார்த்ததே இல்லை, சின்ன வயதில் பார்த்தது மறந்துபோயிருக்கும். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டார். வந்து உட்காரவில்லை. தம்பி, இப்படிச் செத்த மண்ணுல கெடந்தா வருசா வருசம் எனக்கு உளுந்தும் பாசிப்பயறும் அனுப்புதே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டு அழுதார். எழுபது வயது மனிதர். அப்பாவின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார், காய்ப்புகளை. நான் உன்னை வதைச்சுட்டேன், வித்துட்டு நிம்மதியா இரு என்றார். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இந்த வீட்டில் கிடையாது என்று உனக்குத் தெரியும். அதைவிட, அண்ணன் அழுகிறபோது, அண்ணாச்சி நீங்க நம்ம நெலத்தையே அறியலை என்று ஒரு தம்பி எப்படிச் சொல்வான்.

பெரியப்பா போனபிறகுதான் அப்பா என்னிடம் பேசினார். ஏட்டி, அது தாகமா? வாயத் தொறந்து மழைக்குல்லா காத்துக் கெடக்கு. ஊரான் எழுதுனா போகட்டும், ஒனக்குத் தெரியாதா என்றார். சத்தமே போடவில்லை. அதன்பின் முப்பத்தொன்பது நாளாக என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பெரியப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொழிஞ்சிச் செடியோடு இருந்த முழுப் படத்தையும் அனுப்பினேன். பாத்தேம்மா, ஒரு செடி நிக்கி, அதுக்காக எந்தம்பி அங்கன கெடந்து சாகணுமா, நீ அவனுக்காவப் பேசுத, நல்ல பிள்ளைம்மா நீ என்றார். வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். கம்பெனிக்காக அலையும் மணிகண்டபிரபு என்ற தம்பியிடமும் சொன்னேன். அவன் மரியாதையானவன். நாங்க பதினோரு வருசமா பேசுதோம்க்கா, நடக்கலை, ஒங்க படம் ஒரே நாள்ல பேசிட்டு என்று சிரித்தான். கேலி செய்யவில்லை. நிஜமாகவே பாராட்டினான்.

சோலைச்சாமி கோயில் பக்கத்துக் காடுகளெல்லாம் ஏற்கெனவே கம்பி வேலிக்குள் போய்விட்டன. பெரியப்பா பங்கு போனபின் அப்பா தன் பாதியை மட்டும் வைத்துக்கொண்டாலும் வண்டி போகப் பாதை இருக்காது. அதனால் போராடு என்று உனக்கு எழுத ஒன்றும் இல்லை. புரட்டாசி பிறந்தால் விதைப்பு. எல்லா வருடமும் இந்நேரம் வானத்தைப் பார்த்து நடந்துகொண்டிருப்பார். இப்போது டி.வி.க்கு முன் உட்கார்ந்திருக்கிறார், பார்க்கிறாரா என்று தெரியவில்லை. முந்தாநாள் விதைக்கென்று வேப்பிலை போட்டுக் கட்டி வைத்திருந்த உளுந்து மூட்டையை அவிழ்த்து, இதை ஊறப் போடு என்று சொல்லிவிட்டார். ஊறப் போட்டேன். அரைத்தேன். காலையில் இட்லி. அவர் நாலு சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். உளுந்து நல்ல உளுந்து, மாவு நன்றாகப் பொங்கியிருந்தது.

அதற்குப் பிறகு காமிராவை எடுக்கவில்லை. எதைப் பார்த்தாலும், ஓரத்தில் எதை வெட்டுவேன் என்றுதான் கண் தேடுகிறது. நேற்று எடுக்க வேண்டி வந்தது. பத்திரத்தில் ஒட்ட அப்பாவின் பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டுமென்று மணிகண்டபிரபு சொல்லியிருந்தான். கடைக்குப் போகலாம் என்றேன். இங்கனயே எடு என்றார். இத்தனை நாளில் ஒருமுறைகூட என் காமிராவுக்கு முகம் காட்டாதவர், கூச்சம், துண்டால் மறைத்துக்கொண்டு ஓடுவார். நேற்று வெள்ளைச் சட்டை போட்டுச் சுவரோரம் போய் நின்றார். கண்ணை நேராக வைத்தார். நான் எவ்வளவு நேரம் பார்த்தேனோ. முடிஞ்சிட்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியே நின்றார். இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை, இனி எடுக்கப் போவதும் இல்லை. ஒரு பிரதி உனக்கு வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

உன் ஊரில் தினமும் மழை என்கிறாய். ஸ்வெட்டரை மறந்துவிட்டுப் போகாதே. நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கு, உனக்குத் தெரியாததில்லை. ராத்திரி டியூட்டி முடிந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. நீ எடுத்த வேலையெல்லாம் நல்லபடி நடக்கட்டும், உன் கை பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் எழுந்து நடக்கட்டும். அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே. பென்சிலில் குறி போட்ட ஆறு இடங்களில் கையெழுத்து, தூதரகத்தில் முத்திரை. ஐந்தாம் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கிறது. அதில் ஏழு ஏக்கர் புஞ்சைத் தரிசு என்று அச்சடித்திருக்கிறார்கள். அப்பா கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போட்டார், அதைப் படிக்கவில்லை. நான் படித்தேன். அந்தத் தரிசு என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, மேலே கரிசல், வருடா வருடம் விளைவது என்று உன் கையால் எழுதி, பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடு. அடித்துத் திருத்தினால் பத்திரம் செல்லாது என்று திருப்பி அனுப்புவார்கள். புதிய தாள் வரும். அதில் அவர்கள் சொல்கிறபடியே போட்டுக் கொடுத்துவிடு, அப்பாவை இன்னொரு முறை அண்ணன் முன்னால் நிறுத்தக் கூடாது. ஆனால் செல்லாமல் போகிற அந்த முதல் தாள் எனக்கு வேண்டும். அதை மணிகண்டபிரபுவிடம் நான் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன்.

உன் அம்மா,
உமாராணி பேச்சிராஜா