நாலு மூலை மஞ்சள்

1965 செப். 14, செவ்வாய்

வெயில். மிளகாய் வத்தல் மூட்டை இறக்கியதில் நாளெல்லாம் தும்மல். குடை ரிப்பேர், மறந்தாச்சு.

சிவகாசிச் சித்தப்பா மண்டிக்கு வந்தார். தீபாவளி சீசன், பட்டாசு ஆர்டர் தலைக்கு மேல். ஆனாலும் வாய் ஓயவில்லை. "பெத்த தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வராதவன் என்னலே கப்பல் ஆபீசரு?" எடை போட வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"லீவு கெடைக்கல சித்தப்பா" என்றேன்.

பொய். அப்பா போனதே அண்ணனுக்குத் தெரியாது. தந்தி அடிக்கச் சொல்லி அம்மா அனுப்பினாள். தபாலாபீஸ் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். பாகிஸ்தானோடு சண்டை நேரம், கடற்படைக் கப்பலில் தனியாக உடைந்துபோவானே என்று. அடித்துவிட்டேன் என்று அவளிடமும் பொய். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளி, வைத்தது நான். பழி மட்டும் அவனுக்கு.

செப். 16, வியாழன்

தூறல். தார்ப்பாய் போதவில்லை, இரண்டு மூட்டை நனைந்தது.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். அப்பா சொல்லச் சொல்ல அண்ணனுக்கு எழுதுவது எப்போதும் நான்தான். முடிந்ததும் கடுதாசியின் நாலு மூலையிலும் கட்டைவிரலால் மஞ்சள் வைப்பார், நல்ல சேதி என்பதற்கு. காரியம் முடிந்த கையோடு, அவரே சொல்லி எழுதுகிற மாதிரி எழுதினேன். "யாவரும் சுகம்." மஞ்சளும் வைத்தேன். சாவு வீட்டில். அன்றைக்குக் கை கூசவில்லை. இன்றைக்குச் சோறு பிசையக் கூசுகிறது.

செப். 20, திங்கள்

அண்ணன் கடிதம். அப்பா பெயருக்கு. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "படிலே. என்ன பாடுபடுதானோ."

"துறைமுகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறோம். வெளியே எதிரிக் கப்பல். விளக்குக் கிடையாது, தண்ணீர் அளந்துதான். அப்பா, உங்கள் கடுதாசி சட்டைப் பையில் இருக்கிறது. இருட்டில் மூலையைத் தடவினால் மஞ்சள் பொருக்கு விரலில் படும். உங்கள் கை இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது."

மஞ்சள் வரியைத் தாண்டிப் படித்திருக்கலாம். முழுவதையும் படித்துவிட்டேன்.

"யாரு வச்ச மஞ்ச?"

சொன்னேன். தந்தியையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். என் கையை இழுத்துக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொள்ளிதான் வைக்க விடல. எம்புள்ளைய அழக்கூடவாலே விடமாட்டே?"

அண்ணனுக்கு எழுதிவிட்டேன், உள்ளது உள்ளபடி. மூலையில் மஞ்சள் இல்லை. பிரிக்கும் முன்னால் தடவிப் பார்ப்பான்.