மணிக்குள் உன் பெயருக்குக் கீழே

காஸ்போர்ட்
ஏப்ரல் 1980, ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஹேசலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். வெலிங்டனில் நீயும் கிரெய்கும் சுகமாக இருக்கவும், பாப்பா பால் குடித்து நன்றாகத் தூங்கவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். தந்தி வந்தது. பெண், இருவரும் நலம். அவ்வளவுதான். பெயர் இல்லை. நீங்கள் இருவரும் பெயரில் இன்னும் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது. சரி. அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

ஆஷ்பர்னை உடைக்கப் போகிறார்கள். அப்பா வேலை பார்த்த போர்க்கப்பல், அவருடைய குரூசர். என் சக்களத்தி. உலகப் போர் முடிந்ததும் பாதி கட்டிய நிலையில் கைவிட்டு, ஸ்காட்லாந்தில் ஒரு கரையோரம் வருடக்கணக்காகத் துருப்பிடிக்க விட்டார்கள். பிறகு நினைவு வந்து புதுப் பீரங்கிகள் வைத்தார்கள், மூன்றாவது குண்டிலேயே சிக்கிக்கொள்ளும். மால்டா, ஏடன், சிங்கப்பூர். போன துறைமுகத்திலெல்லாம் அழகி என்று பெயர். அப்புறம் பின்பக்கப் பீரங்கிகளை வெட்டி எறிந்துவிட்டு ஹெலிகாப்டருக்கு ஒரு கொட்டகை. "ராணிக்குப் பின்னால கோழிக்கூண்டு கட்டிட்டானுங்க" என்று அப்பா அன்று சாப்பிடவேயில்லை. இப்போது அவளை ஓட்ட இத்தனை ஆட்களுக்குச் சோறு போட முடியாதாம்.

நேற்று பழைய மாலுமிகளின் குடும்பங்களைக் கடைசியாக ஒருமுறை ஏறிப் பார்க்க விட்டார்கள். துறைமுகத்தைப் படகில் கடந்து போனோம். அப்பா கப்பல் படியில் இரண்டு இடத்தில் நின்றார். இருமல். கொதிகலன் அறையின் தூசு இன்னும் நெஞ்சில் இருக்கிறது, விமானம் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். மேல்தளத்தில் ஒரு மேசை. மேசையில் கப்பலின் மணி, வாய் மேலே பார்க்க. அதை இப்படித் தலைகீழாக வைத்துத் தண்ணீர் ஊற்றித்தான் பாதிரியார் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், நீ கத்திய கத்தலில் மாலுமிகள் கைதட்டினார்கள். குனிந்து தலையை உள்ளே விட்டேன். கப்பல் வழக்கப்படி அன்று உள்ளே செதுக்கிய உன் பெயர்: ஹேசல் எட்னா பிரௌஸ். அப்படியே இருக்கிறது. கீழே வெறும் பித்தளை. விரலை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி.

பக்கத்தில் நின்ற இளம் அதிகாரி, "திங்கக்கிழமை இந்த மணி வடக்க ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போகுது மேடம், கண்ணாடிப் பெட்டில வெச்சிருவாங்க" என்றான். "அப்ப மணியடிக்க என்ன சார் பண்றது, கண்ணாடியத் தட்டணுமா?" என்றார் அப்பா. அவன் சிரித்துவிட்டு, ஞானஸ்நானம் ஏதாவது பாக்கியிருந்தால் மட்டும் அது முடியும்வரை இங்கே கடற்படைத் தளத்துத் தேவாலயத்தில் வைத்திருப்போம் என்றான். என் வாய் தானாகத் திறந்தது. "பாக்கி இருக்கு. என் பேத்திக்கு. ஜூலை முதல் சனிக்கிழமை" என்றேன். எழுதிக்கொண்டான், ஹேசல். பேனாவால்.

திரும்பும் படகில் அப்பா, "ஏண்டி எட்னா, பொண்ணு பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கா. கடற்படைக்கிட்டயே பொய் சொல்லிட்டியே" என்றார். "பொய்யில்ல, இன்னும் நடக்கல, அவ்வளவுதான்" என்றேன். அப்பா கரையில் இறங்கும்வரை கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை பரணில் சத்தம். அப்பா உன் பழைய தொட்டிலை இறக்கி, சன்னலைத் திறந்துவைத்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இருமுகிறார், நிறுத்துகிறார், தேய்க்கிறார். "பொய்க்கு எதுக்கு இவ்வளவு வேலை?" என்று கேட்டேன். "பொய்னு யாருடி சொன்னது?" என்றார்.

நீங்கள் வரும் விமான டிக்கெட்டை நினைத்துத் தயங்காதே, கேரவன் வண்டியை விற்கிறோம், எப்படியும் அதன் கூரை ஒழுகுகிறது. பாப்பாவுக்குக் கம்பளித் தொப்பி இரண்டு எடுத்து வா, இங்கே ஜூலையை நம்ப முடியாது. கடவுள் உங்கள் மூவரையும் கடல்மேலும் வானத்திலும் காக்கட்டும். கிரெய்குடன் இன்றைக்கே பேசி முடித்துவிடு. மணிக்குள் உன் பெயருக்குக் கீழே செதுக்கக் கடற்படையின் ஆள் காத்திருக்கிறான், என்ன பெயர் என்று கேட்கிறான்.

முத்தங்களுடன்,
அம்மா

அப்பா மரத்தூள் கையோடு எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: சின்னப் பெயராக வை, பித்தளை கடினம்.