அருணிடம் சொல்ல வேண்டியது

சூரிச்
2 அக்டோபர் 2024

அன்புள்ள குமுதா அவர்களுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். தைப்பிங்கில் மழையா என்று கேட்கத் தேவையில்லை, மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் அது. இங்கே இலையுதிர் காலம். மரங்கள் சிவந்து நிற்கின்றன என்று மருமகள் நித்யகல்யாணி சொல்கிறாள். நண்பகல்வரை மூடுபனி, எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. வீடு ஐந்தாவது மாடி. கதவு தானே பூட்டிக்கொள்ளும். என்னிடம் சாவி இல்லை. "அப்பச்சி, தனியா எங்கயும் போகாதீங்க, வழி தெரியாது" என்கிறான் மகன் அருண்பிரகாஷ். பாசமான பிள்ளை. அதுதான் சங்கடம்.

கைப்பேசி அவன் வாங்கித் தந்தது. அதில் வரும் செய்தியெல்லாம் அவனுடைய டேப்லட்டிலும் தெரிகிறது. அதனால்தான் கடிதம்.

டிசம்பர் பன்னிரண்டு தைப்பிங் பதிவிலாகாவில் நம் திருமணம் என்பதை அவனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். இன்னும் சொல்லவில்லை. விமானத்தில் முதல் வாக்கியத்தைத் தயாரித்தேன். இறங்கியதும் அது தவறு என்று பட்டது. அவன் தாய் போய்ச் சில வருடங்கள்தான் ஆகின்றன. எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. நான் செட்டிவீட்டுப் பிள்ளை, நீங்கள் பால்மரம் சீவும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இதில் எதை முதலில் வைப்பது? வாழ்நாளெல்லாம் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு இதற்கு வழி தெரியவில்லை.

மாதக் கடைசியில் ரயிலிலும் கேபிள் காரிலும் மலைக்குப் போகிறோம். அங்கே சொல்லிவிடுவேன்.

தங்கள்,
தே. தேனப்பன்

தைப்பிங்
12 அக்டோபர் 2024

சார்,

இந்த 'அவர்களுக்கு' எல்லாம் வேண்டாம். தபால்காரர் பார்த்தால் என்னைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி என்று நினைப்பார்.

மழைதான். பூங்காவில் நாம் உட்காரும் பெஞ்சுக்கடியில் தண்ணீர். தம்பி ஜெயபாலன், "என்னக்கா, ஞாயித்துக்கெழமையானா ஈப்போவுலேருந்து ரயில் ஏறி வர்ற வாத்தியாரக் காணோம், சண்டையா?" என்றான். பிள்ளையைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். "திரும்பி வருவாரா லா?" என்று சிரிக்கிறான்.

நீங்கள் அருணிடம் சொன்ன பிறகுதான் இவனிடம் நான் சொல்வது என்று பேசிக்கொண்டோம். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். எனக்கு அது பழக்கமில்லை, உங்களுக்கே தெரியும். சேலை எடுக்கலாமா, வேண்டாமா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

குமுதா

சூரிச்
27 அக்டோபர் 2024

அன்புள்ள குமுதா,

மலைக்குப் போய் வந்தோம். ரயிலில் குகைக்குப் பின் குகை. வெளியே வந்தாலும் வெள்ளைதான். மாட்டின் கழுத்து மணி கேட்டது, மாட்டைக் காணவில்லை. "நல்ல நாளா இருந்தா பனிமல தெரியும் அப்பச்சி" என்று, தானே தவறு செய்ததுபோல் அருண் வருந்தினான்.

கேபிள் காரில் நாங்கள் மூன்று பேர்தான். பாதி வழியில் அது நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியில் ஒரு குரல். "காத்து அடங்கட்டும்னு நிறுத்தியிருக்காங்க, பயப்படாதீங்க" என்றான் அருண். மேலே தொங்கும் கயிறுகூடத் தெரியவில்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன். அவனாலும் எழுந்து போக முடியாது, என்னாலும் முடியாது.

"அருண், கோயில்ல என் புள்ளியப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். எங்கள் வழக்கத்தை உங்களிடம் சொல்லியிருக்கிறேன்: கோயிலில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப் புள்ளி. வெளியே மணம் செய்தால் அந்த அரையும் போகும். அங்கே தொடங்கி மெல்ல உங்கள் பெயருக்கு வருவது என் திட்டம்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அரைப் புள்ளி வரிய நான் கட்டிட்டேன் அப்பச்சி. அதையே நெனச்சு நெனச்சு உருகாதீங்க. ஆத்தா போனதுலேருந்து தனியாவே கெடந்தீங்க, போதும். இனிமே எங்களோடதான். திரும்பற டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். ஈப்போ வீட்டுக்கு ஜனவரியில வாடகைக்கு ஆளுங்க குடி வாராங்க." அவன் கண் கலங்கியிருந்தது. "சர்ப்ரைஸ், மாமா!" என்று நித்யா கை தட்டினாள்.

"சரிப்பா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெட்டி கிளம்பியது. மேலே போய் சூப் குடித்தோம்.

அவன் சந்தோஷத்தைக் கலைக்கத் தைரியம் இல்லை. உங்களை ஏமாற்றவும் மனம் வரவில்லை. சேலையைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோபிக்க வேண்டாம்.

தேனப்பன்

தைப்பிங்
6 நவம்பர் 2024

சார்,

கோபம் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே உலை வைத்தேன், சோறு குழைந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஜெயபாலனிடம் சொல்லிவிட்டேன். பேச்சை மீறியது நான்தான். மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூட மறந்துவிட்டான். "அக்கா, அந்தாளு வராட்டி இந்தத் தாமான் வீடுகள்ல இருக்குற சனமே சிரிக்கும் லா" என்றான். "சிரிக்கட்டும், பல்லு இருக்கா இல்லையான்னு பாத்துக்கலாம்" என்றேன்.

சேலை எடுத்தாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி காலையில் கட்டிக்கொண்டு போய்ப் பதிவிலாகாவில் உட்காருவேன். நீங்கள் வந்தால் கையெழுத்து. வராவிட்டால் எதிர்க்கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன்; அதோடு முடிந்தது, பிறகு எழுத வேண்டாம்.

அருண் அழுவான் என்று பயப்படுகிறீர்கள். நானும் அழுவேன். அது உங்கள் கண்ணில் படாது, அதுதான் வித்தியாசம்.

குமுதா

சூரிச்
17 நவம்பர் 2024

குமுதா,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. சென்ற முறை நானே முந்திக்கொண்டேன்; இம்முறை நித்யா எடுத்து வந்து, "தைப்பிங்ல யாரு மாமா, குமுதா?" என்றாள். அருண் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் தயாரித்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"நான் கட்டிக்கப் போறவங்க. டிசம்பர் பன்னெண்டு" என்றேன்.

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதை அப்புறம்தான் பார்த்தான்.

"ஆத்தா போட்டோவ என்ன பண்ணப் போறீங்க?"

"எங்க இருந்தாலும் கூடத்துலதான் இருக்கும். போன வருசத் தீவாளிக்கு அதத் தொடச்சு மால போட்டதே குமுதாதான்."

சமாதானமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். "அப்ப வீட்டுக்குள்ளயே வந்தாச்சா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இன்று காலை என் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "போங்க. நான் ஏர்ப்போட்டுக்கு வரமாட்டேன். ஈப்போவுக்கும் இனி வரமாட்டேன்."

இந்த முறை நான் சரி என்று சொல்லவில்லை. "நீ வரணும்பா" என்றேன். வலிக்கிறது. வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் எழுத மாட்டேன்.

நித்யா சமையலறையில் நின்றபடியே கைப்பேசியில் டிக்கெட் எடுத்துத் தந்தாள். இம்மாதம் முப்பதாம் தேதி. விமான நிலையத்துக்கு நானே ரயிலேறிப் போக வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஈப்போ வீட்டுக்குக் குடி வருபவர்கள் வரட்டும். உன் வீட்டில் என் மேசையைப் போட இடம் இருக்குமா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பதில் வந்து சேரும்போது நான் இந்த முகவரியில் இருக்கமாட்டேன்.

தேனப்பன்