மருதையாற்றுக் கல்

மச்சான்,

இன்று காலை ரெட்டிபாளையம் ஆலையிலிருந்து கடைக்கு வந்த லோடில் சில மூட்டைகள் நனைந்திருந்தன. நனைந்த சிமெண்ட் வாசம் மூக்கில் ஏறியதும், டிரைவரைத் திட்ட வேண்டியவன் உன்னை நினைத்து நின்றுவிட்டேன். நீயும் லாரி ஓட்டிய காலத்தில் தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டியதே இல்லை. கேட்டால், "நான் டிரைவரு மாப்ள, தையக்காரன் இல்ல" என்பாய்.

உன் தங்கையைக் கட்டிக்கொண்டு, வரதராஜன்பேட்டையில் சிமெண்ட் கடை போட்டு நான் தலைநிமிர்ந்திருந்த சமயம். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கிளம்பும்போது, "நான் இனிமே பூசைக்கு வரல. எதுக்குப் போறோம்னு கேட்டா இந்த வூட்ல யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயம் வந்தது. என் அப்பா எனக்கு வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து அந்த விசுவாசம்தான். அது என்னோடு நின்றுபோய்விடுமோ? மறைக்கல்விக்கு சிஸ்டர்களிடம் தவறாமல் அனுப்புகிறேனே என்று உன்னிடம் புலம்பினேன்.

"டியூஷனுக்கு அனுப்புனா கணக்கு வரும் மாப்ள, சாமி வராது" என்றாய். பிறகு வேதத்திலிருந்து ஒரு சம்பவம் சொன்னாய். இஸ்ரயேல் மக்கள் யோர்தான் ஆற்றைக் கடந்ததும், ஆற்றின் நடுவிலிருந்து கற்களை எடுத்துவந்து கரையில் வைத்தார்களாம். பின்னால் பிள்ளைகள் இது என்ன கல் என்று கேட்கும்போது, கடவுள் தண்ணீரை நிறுத்தி நம்மைக் கடத்திவிட்ட கதையைப் பெற்றவர்கள் சொல்ல வேண்டுமாம்.

கல் என்றதும் எனக்கு வியாபாரப் புத்தி. பத்துக் கட்டளைகளைக் கறுப்பு கிரானைட்டில் செதுக்கி, தங்க நிறம் பூசி, வாசல் சுவரில் பதித்துவிட்டேன். "கடையில கிரானைட்டும் போட்டுட்டீங்களா, என்ன ரேட்டு?" என்று தெருவில் விசாரித்தார்கள். மகள் மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீ வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "கடை போர்டு மாதிரில இருக்கு. எல்லாத்தையும் எழுதி வச்சிட்டா புள்ள என்னத்தக் கேக்கும்?"

மறுநாள் மருதையாற்றிலிருந்து ஒரு மொட்டைக் கல்லைக் கொண்டுவந்து, வாசலில் சரியாகக் கால் இடறும் இடத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டாய். உன் தங்கை உன்னைத் திட்டியதை எழுத முடியாது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அதில் இடித்துக்கொண்டாள்.

"யாருப்பா இதைப் போட்டது?"

"ஒங்க மாமா."

"எதுக்கு?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முன்னால், மருதையாற்றுத் தரைப்பாலத்தின் நடுவில் உன் லாரி நின்றுபோனது, வெள்ளம் சீட்டு வரைக்கும் ஏறியது, நாம் இரண்டு பேரும் கேபின் மேலே ஏறி மாதாவைக் கூப்பிட்டது, பொழுது விடியும் முன்னே தண்ணீர் வடிந்தது, எல்லாம்.

"நீங்க அழுதீங்களாப்பா?"

"ஒங்க மாமா என்னைவிடச் சத்தமா அழுதான்."

சிரித்துவிட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றாள். அடுத்த ஞாயிறு எங்களோடு வந்தாள், போகும் வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே. அதோடு அவள் கேள்வி கேட்பதை நிறுத்தவே இல்லை.

இப்போது டீச்சர் வேலைக்குப் போகிறாள். போன கல்லறைத் திருநாளில் உனக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கேட்டாள்: "ஆத்துல காப்பாத்துன சாமி, ஆஸ்பத்திரில ஏம்ப்பா மாமாவைக் காப்பாத்தல?"

கடையில் எந்தச் சரக்கைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழகாதவன் நான். என்னென்னவோ வாயில் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "தெரியலம்மா. நானும் தெனம் சாமிகிட்டதான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"என்னைய விட்டுட்டுத் தனியாவா கேக்குறீங்க?" என்றாள்.

இப்போதெல்லாம் ஜெபமாலை முடிந்ததும் உன் பெயரைச் சொல்லி அந்தக் கேள்வியை அவள்தான் முதலில் கேட்கிறாள். டீச்சர் இல்லையா, குரலில் அதட்டல் இருக்கிறது. நான் பக்கத்தில் முழங்கால் போட்டு, ஆமாம் சாமி, அதேதான் என்கிறேன்.