கட்டிலடித் துப்பாக்கி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வங்கி டியூட்டிக்குக் கிளம்பும் முன் துப்பாக்கியைத் துடைத்தேன். என் லைசென்ஸில் வாங்கிய ரெட்டைக்குழல். எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். தோட்டாப் பையைத் திறந்தால் காலி. நாலு தோட்டாவும் இல்லை. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம், ஒரு தோட்டாகூடத் தொலைத்தவன் இல்லை நான்.

எடுத்தது சரோஜாதான். வேறு யார்? ஞாயிறன்று மகள் சுதா வீங்கிய கன்னத்தோடு தொட்டியத்துப் புருஷன் வீட்டிலிருந்து வந்து நின்றாள். அதிலிருந்து சரோஜாவின் கண் என் மேலேயே இருக்கிறது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு நான் கொலைகாரனாகத் தெரிகிறேன். வயிற்றெரிச்சல். கேட்டால் சண்டை வரும், கேட்கவில்லை.

காவிரிப் பாலத்தில் நெரிசல், பஸ் நகரவில்லை. புத்தூர் வங்கி வாசலில் நாள் முழுக்க வெறும் துப்பாக்கியோடு நின்றேன். "மிலிட்டரிக்காரர் நிக்கிறப்ப நமக்கு என்ன பயம்?" என்று யாரிடமோ மேனேஜர் பெருமையடித்தார். சட்டை நனைந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

தக்காளி, பி.பி. மாத்திரை. எண்ணெய் மறந்தாயிற்று.

மாப்பிள்ளை ஃபோன். வாழைத்தார் வியாபாரி, பேச்சும் ஏலம் போடுகிற பேச்சு. நாளைக்கு வருவானாம், சுதாவை அனுப்பாவிட்டால் இழுத்துக்கொண்டு போவானாம். "உங்க பொண்ணுக்கு அடிச்சாத்தான் புரியுது மாமா." வைத்துவிட்டான்.

பார்த்தால் துப்பாக்கி என் கையில். கட்டிலடியிலிருந்து எப்போது எடுத்தேன்? தோட்டா இல்லை என்பதே அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என்னை நினைத்தே பயமாக இருக்கிறது. சரோஜா நினைத்தது சரி.

ஜூன் 5, வியாழன்

லீவு. துப்பாக்கியை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். தோட்டா எங்கே என்றார் எழுத்தர். சாயங்காலம் தருகிறேன் என்றேன். துப்பாக்கி இல்லாமல் வங்கியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை போயிற்று. போகட்டும்.

சரோஜாவிடம் கேட்டேன். "நான் எடுக்கலைங்க." சமயபுரத்தாள் மேல் சத்தியம் செய்தாள். வீட்டில் வேறு யார் கையில் இருக்கிறது?

மத்தியானம் கேட்டில் பைக் சத்தம். மாப்பிள்ளையின் கண் வழக்கம்போலக் கட்டில் பக்கம் போயிற்று. துப்பாக்கி வீட்டில் இல்லை, உங்களுக்குப் பயம் வேண்டாம், ஆனால் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றேன். இத்தனை நாள் எழும்பவே பயந்த என் குரல், இன்று தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். சுதா என் பக்கத்தில் வந்து, "நான் வரலை" என்றாள். மறுபடி வருகிறேன் என்று கத்திவிட்டுப் போனான். வருவான்.

சுதா உள்ளே போய்க் கைக்குட்டை முடிச்சு ஒன்றைக் கொண்டுவந்தாள். நாலு தோட்டாவும். திங்கட்கிழமையே எடுத்தாளாம்.

"நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா, அடுத்த தடவை நான் யார்கிட்டப்பா ஓடி வருவேன்?"

முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு மணிக்குள் ஸ்டேஷன் போக வேண்டும்.